முப்பரிமாணப் புள்ளிக்கு ஒரு டேட்டா டைப்: கிருஷ்ணகிரி குவாரி சர்வேயை வைத்து முழு வழிகாட்டி

எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்கள், அவற்றை வைக்க ஒரு ஸ்ட்ரக்ட். முப்பரிமாண ஆயத்தொலைவைப் பற்றிப் பெரும்பாலான பாடங்கள் இதோடு முடித்துக்கொள்ளும். திரையில் ஒரு கனசதுரத்தைச் சுழற்றும்வரை அது போதும்தான். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரியை ட்ரோனில் அளந்து, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில் எத்தனை கன மீட்டர் கல் வெட்டப்பட்டது என்று கணக்கிடும் புரோகிராமில் அதே மூன்று எண்கள் காலை வாரிவிடும். எண்கள் இருக்கும்; எங்கிருந்து அளந்தவை, எந்தத் திசையில், எந்த அலகில் என்பது தொலைந்திருக்கும். விடை தப்பாக வரும், ஆனால் புரோகிராம் எங்கும் நிற்காது.

அந்தத் தகவல் சர்வேயரின் நோட்டிலோ ஃபைல் பெயரிலோ இருந்தால் போதாது. டைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்படி ஒரு டைப்பைத்தான் கீழே படிப்படியாகக் கட்டுகிறோம். பைத்தான், சி++, ரஸ்ட், ஜாவா எதில் எழுதினாலும் வடிவமைப்பு ஒன்றுதான்.

படி 1: உங்கள் ஊர் எண்கள் எவ்வளவு பெரியவை என்று பாருங்கள்

கிருஷ்ணகிரி நகரம் வட அட்சம் 12.53 பாகை, கிழக்குத் தீர்க்கம் 78.21 பாகை அருகே இருக்கிறது. பாகையை வைத்துக்கொண்டு பரப்பும் கன அளவும் போட முடியாது என்பதால் சர்வேயில் யூடிஎம் கட்டத்துக்கு மாற்றி மீட்டரில் வேலை செய்வார்கள். யூடிஎம் பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 72 முதல் 78 பாகை வரை 43-ஆம் மண்டலம். 78 முதல் 84 வரை 44. ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு மதிப்பு 5,00,000 மீட்டர். வடக்கு மதிப்பு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படும்.

இந்தக் கணக்கில் கிருஷ்ணகிரி 44-ஆம் மண்டலத்தில் கிழக்கு சுமார் 1,97,000, வடக்கு சுமார் 13,87,000. ஓசூரின் தீர்க்கம் 77.83 பாகை. அது 43-ஆம் மண்டலம். கிழக்கு சுமார் 8,07,000, வடக்கு சுமார் 14,10,000. அதாவது மண்டல எல்லையான 78 பாகைக் கோடு சூளகிரி, இராயக்கோட்டைப் பக்கமாக, ஒரே மாவட்டத்துக்கு நடுவில் போகிறது. தர்மபுரி மாவட்டத்திலும் இதே நிலைதான்: தர்மபுரி நகரமும் அரூரும் 44, பென்னாகரமும் ஒகேனக்கல்லும் 43. இந்தக் கோட்டை மனதில் வையுங்கள். படி 4-இல் இதுதான் பெரிய சிக்கல்.

படி 2: எந்த எண் வகை?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பிற்பாடு திருத்த மிகக் கடினமான முடிவு இது.

32 பிட் ஃப்ளோட்டில் துல்லியத்துக்கு 24 பிட் மட்டுமே உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்து வைக்கக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான இடைவெளி விரியும். 10,48,576-க்கும் 20,97,152-க்கும் நடுவில் அந்த இடைவெளி 0.125. கிருஷ்ணகிரியின் வடக்கு மதிப்பு 13,87,000 இதற்குள்தான் விழுகிறது. ஆகவே 32 பிட்டில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் வடக்குத் திசையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் படிக்கட்டில்தான் உட்காரும். டிஜிபிஎஸ் என்னும் துல்லியச் செயற்கைக்கோள் அளவைக் கருவி 1 அல்லது 2 சென்டிமீட்டர் துல்லியத்தில் கொடுத்த அளவை, சேமிக்கும்போதே நாம் கெடுத்துவிடுகிறோம்.

கெடுதல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. கிழக்கு மதிப்பு 1,97,000-இல் இடைவெளி சுமார் 1.6 சென்டிமீட்டர். ஓசூரின் 8,07,000-இல் அதுவே 6.25 சென்டிமீட்டர். உயரம் 500 மீட்டர் என்றால் 0.03 மில்லிமீட்டர். மேலிருந்து பார்த்தால் புள்ளிகள் கிழக்கு மேற்காக ஓடும் வரிசைகளாக அடுக்கி வைத்ததுபோல் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் உயரம் மட்டும் அழகாக இருக்கும். ட்ரோன் புள்ளித் தொகுதியில் அப்படிக் கோடு கோடாகத் தெரிந்தால் கேமராவைச் சந்தேகிக்காதீர்கள். வழியில் எங்கோ 32 பிட்டாகச் சுருங்கியிருக்கிறது.

அட்ச தீர்க்கமாகவே வைத்தாலும் தப்பிக்க முடியாது. தீர்க்கம் 78 பாகையில் 32 பிட்டின் படி சுமார் 0.0000076 பாகை, தரையில் அது 80 சென்டிமீட்டருக்கும் மேல். அட்சம் 12.5-இல் சுமார் 10 சென்டிமீட்டர்.

64 பிட் டபுளில் இதே வடக்கு மதிப்பின் இடைவெளி ஒரு மீட்டரின் நானூறு கோடியில் ஒரு பங்கு. சர்வேக்கு இது தாராளம். உலக ஆயத்தொலைவு என்றால் டபுள்தான், பேச்சே வேண்டாம். பைத்தானின் சாதாரண ஃப்ளோட் 64 பிட்டே. சி++, ஜாவாவில் ஃப்ளோட் என்று எழுதினால் 32, டபுள் என்று எழுத வேண்டும். ரஸ்ட்டில் பிட் எண்ணிக்கை பெயரிலேயே இருப்பதால் குழப்பம் குறைவு.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: மில்லிமீட்டரில் முழு எண். 13,87,000 மீட்டர் என்பது 138,70,00,000 மில்லிமீட்டர். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214,74,83,647 என்பதால் அடங்கிவிடும். புள்ளித் தொகுதிக்கான லாஸ் ஃபைல் வடிவமும் இப்படித்தான்: 32 பிட் முழு எண்கள், தலைப்பகுதியில் ஒரு பெருக்கு எண்ணும் ஒரு தொடக்க மதிப்பும். சேமிக்கவும், இரண்டு புள்ளி ஒன்றா என ஒப்பிடவும் அருமையான வழி. கணக்குப் போடும்போதுதான் கவனம் வேண்டும். 46,340-ஐத் தாண்டிய எண்ணின் வர்க்கம் 32 பிட்டுக்குள் அடங்காது. அதாவது 46 மீட்டருக்கு அதிகமான தூரத்தை அப்படியே வர்க்கப்படுத்தினால் எண் வழிந்து, எதிர்மறை விடை வரலாம். வர்க்கம் எடுக்கும் முன் 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

படி 3: புள்ளி வேறு, நகர்வு வேறு

பல நூலகங்களில் இரண்டுக்கும் ஒரே டைப், வெக்டர் என்ற பெயரில். வசதிதான், ஆனால் தப்பு நடக்க வழி திறப்பதும் அதே வசதிதான். இரண்டையும் பிரியுங்கள்.

புள்ளி என்பது ஓர் இடம். நகர்வு என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் அளவும் திசையும். இவற்றுக்குள் அனுமதிக்க வேண்டிய கணக்குகள் சிலதான்:

புள்ளி − புள்ளி = நகர்வு
புள்ளி + நகர்வு = புள்ளி
நகர்வு + நகர்வு = நகர்வு
நகர்வு × எண் = நகர்வு

புள்ளி + புள்ளி என்பதை எழுதவே கூடாது; எழுதினால் கம்பைலர் தடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியையும் கேஆர்பி அணையையும் கூட்டினால் என்ன இடம் வரும்? பொருளே இல்லை. இரண்டின் நடுப்புள்ளி வேண்டுமென்றால் முதல் புள்ளியோடு, நகர்வில் பாதியைக் கூட்டுங்கள். இதில் துல்லியமும் நன்றாக நிற்கும், ஏனென்றால் பெரிய எண்களைக் கூட்டி வகுக்க வேண்டியதில்லை. ஆயிரம் புள்ளிகளின் சராசரிக்கும் இதே முறை: ஒன்றை ஆதாரமாக எடுத்து, மற்றவற்றுக்கான நகர்வுகளைச் சராசரியாக்கி, ஆதாரத்தோடு கூட்டுங்கள்.

இந்தப் பிரிவினையின் பலன் உருமாற்றத்தில் தெரியும். தொடக்கப் புள்ளியை 50 மீட்டர் நகர்த்தினால் எல்லாப் புள்ளியின் எண்ணும் மாறும். ஆனால் குவாரிச் சுவர் சாயும் திசை, ஒரு முக்கோணத்தின் செங்குத்து, ட்ரோனின் வேகம் இவை மாறக் கூடாது. 4×4 அணி பயன்படுத்துவோர் புள்ளிக்கு நான்காவது உறுப்பு 1 என்றும் நகர்வுக்கு 0 என்றும் வைப்பது இதற்காகவே. இரண்டு டைப் இருந்தால் அந்த 1, 0 எது என்று நீங்கள் நினைவு வைக்க வேண்டியதில்லை. டைப்பே முடிவு செய்யும்.

படி 4: சட்டகத்தை டைப்புக்குள் வையுங்கள்

புள்ளியின் எண்களுக்குப் பொருள் கொடுப்பது நான்கு விஷயங்கள்: எந்த மண்டலம், எந்த டேட்டம் (பூமியின் வடிவத்துக்கு எடுத்த அடிப்படை மாதிரி), உயரம் எதிலிருந்து, என்ன அலகு. இந்த நான்கையும் சேர்த்துச் சட்டகம் என்று அழைப்போம்.

முதலில் மண்டலம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்கோட்டில் சுமார் 47 கிலோமீட்டர். ஓசூர் புள்ளி 43-ஆம் மண்டலத்திலும் கிருஷ்ணகிரிப் புள்ளி 44-ஆம் மண்டலத்திலும் இருக்க, இரண்டையும் அப்படியே கழித்தால் 600 கிலோமீட்டருக்கும் மேல் வரும். இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்கலாம். படாத வேலையும் உண்டு: பெரிய பட்டியலில் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடும் கணக்கு, மற்ற மண்டலத்துப் புள்ளிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். எல்லையை ஒட்டிய சூளகிரிப் பக்கத்து வேலைகளில் இதை எதிர்பாருங்கள்.

தீர்வு எளிது. ஒரு திட்டம் முழுவதற்கும் ஒரே மண்டலம். இரு மாவட்டத்துக்கும் சேர்த்து 44-ஐத் தேர்ந்தெடுத்து, ஓசூர், ஒகேனக்கல் புள்ளிகளையும் 44-இலேயே கணக்கிடச் சொல்லலாம். எல்லைக்கு அரைப் பாகை வெளியே போவதால் சூத்திரம் உடைந்துவிடாது. ஆனால் மாற்றும் நூலகம் தானாக மண்டலத்தைத் தேர்வு செய்யும்படி விட்டுவிடக் கூடாது. ஈபிஎஸ்ஜி எண் (மண்டலம், டேட்டம், அலகு மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் பொதுக் குறியீடு) 32644 என்று நீங்களே குறிப்பிடுங்கள்; 43-க்கு 32643.

அடுத்தது உயரம். கன அளவில் பெரும் நாசம் இங்கிருந்துதான் வரும். செயற்கைக்கோள் கருவி கொடுப்பது எலிப்சாய்டு என்னும் கணித வடிவத்திலிருந்து உயரம். குவாரி வரைபடத்தில் இருப்பது சராசரி கடல் மட்டத்திலிருந்து உயரம். தென்னிந்தியாவில் கடல் மட்டப் பரப்பு அந்த எலிப்சாய்டுக்குக் கீழே இருக்கிறது. நம் பகுதியில் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 495 மீட்டர் உள்ள இடத்துக்குக் கருவி 405 அளவில் காட்டும். பழைய தரை மட்டத்தை ஒரு முறையிலும் புதிய தரை மட்டத்தை இன்னொரு முறையிலும் எடுத்தால், ஒரு ஹெக்டேர் குவாரியில் 9 லட்சம் கன மீட்டர் கல் காகிதத்தில் காணாமல் போகும். உயரம் என்று ஒரே ஃபீல்டு வைக்காதீர்கள். எலிப்சாய்டு உயரம், கடல் மட்ட உயரம் என்று சட்டகத்திலேயே பிரித்து வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஜியாய்டு என்னும் கடல் மட்டப் பரப்பின் மாதிரியை எடுத்துக்கொள்ளும் ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாகத்தான் வழி இருக்க வேண்டும்.

டேட்டம் பற்றி: இன்றைய கருவிகள் டபிள்யூஜிஎஸ் 84-இல் கொடுக்கும். பழைய இந்திய நிலப்படங்கள் 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் எலிப்சாய்டை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டிலும் ஒரே பாகை எண்ணை எழுதினால் தரையில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். பழைய படத்தைப் புதிய சர்வேயோடு பொருத்தும் வேலை வந்தால் இதை மறக்கக் கூடாது.

அலகு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம்: டைப்புக்குள் எப்போதும் மீட்டர். அடி, மில்லிமீட்டர் எல்லாம் வாசலிலேயே மாற்றப்பட்டு உள்ளே வரட்டும். ஓசூர்ப் பட்டறையில் விஎம்சி என்னும் உலோகம் வெட்டும் எந்திரத்துக்காக எழுதுவதானால் மீட்டருக்குப் பதில் மில்லிமீட்டர் என்று வையுங்கள். கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். 1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது இரண்டு மென்பொருள்கள் வேறு வேறு அலகில் பேசிக்கொண்டதால்தான்.

இப்போது டைப்பின் உருவம்:

வகை சட்டகம்:
  ஈபிஎஸ்ஜி எண்
  உயர ஆதாரம்: எலிப்சாய்டு / கடல் மட்டம்

வகை புள்ளி, சட்டகத்தோடு:
  கிழக்கு: டபுள்
  வடக்கு: டபுள்
  மேல்: டபுள்

வகை நகர்வு, சட்டகத்தோடு:
  கிழக்கு, வடக்கு, மேல்: டபுள்

எக்ஸ், ஒய், இசட் என்று பெயர் வைக்காததற்குக் காரணம் உண்டு. யூனிட்டியில் ஒய் மேல் நோக்கும். பிளெண்டரில் இசட் மேல். யூனிட்டியும் அன்ரியலும் இடக்கை முறை, பிளெண்டர் வலக்கை முறை. கிழக்கு, வடக்கு, மேல் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

சட்டகத்தை எப்படி ஒட்டுவது என்பது மொழியைப் பொறுத்தது. சி++, ரஸ்ட்டில் அதை டைப் அளபுருவாகக் கொடுத்தால் இயங்கும்போது நினைவகச் செலவே இல்லை. தப்பான கழித்தல் கம்பைல் ஆகாது. பைத்தானில் டைப் குறிப்புகள் இயங்கும்போது தடுக்காது. மைபை போன்ற சோதனைக் கருவியை ஓட்ட வேண்டும், அல்லது கழிக்கும் ஃபங்ஷனுக்குள் சட்டகங்களை ஒப்பிட்டுப் பிழை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சட்டகத்தைச் சுமப்பது வீண் என்று தோன்றினால், புள்ளித் தொகுதிக்கு ஒன்று வைத்தால் போதும்.

படி 5: வாசலில் சோதனை, உள்ளே மாறாத்தன்மை

புள்ளி உருவாகும் நொடியில் சோதியுங்கள். மூன்று எண்ணும் எண்தானா, முடிவிலி இல்லையே, இந்த மாவட்டத்துக்குள் வருகிறதா? 44-ஆம் மண்டலத்தில் இரு மாவட்டத்துக்கும் கிழக்கு 1,00,000 முதல் 2,60,000 வரை, வடக்கு 13,00,000 முதல் 14,40,000 வரை, உயரம் 50 முதல் 1,500 வரை என்று வைத்தால் எதுவும் தப்பி வெளியே போகாது. டோட்டல் ஸ்டேஷன் என்னும் சர்வே கருவியின் ஃபைல்கள் பலவற்றில் வடக்கு முதலில், கிழக்கு அடுத்து வரும். மாற்றிப் படித்தால் இந்த எல்லைச் சோதனை முதல் வரியிலேயே பிடித்துவிடும்.

அட்ச தீர்க்கத்தில் உலக எல்லைச் சோதனை போதாது. அட்சம் −90 முதல் 90-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், இடம் மாறிய 78.2, 12.5 என்ற ஜோடி ஜம்மென்று உள்ளே போய்விடும். அது காட்டும் இடம் வட துருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடல். ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கம் முதலில் வரும். ஈபிஎஸ்ஜி 4326-இன் (டபிள்யூஜிஎஸ் 84 அட்ச தீர்க்கம்) முறையான வரிசையில் அட்சம் முதலில். ஆயத்தொலைவு மாற்றும் பைபிராஜ் என்ற பைத்தான் நூலகத்தில் வரிசையை உறுதியாக்க ஆல்வேஸ் எக்ஸ்ஒய் என்ற தேர்வு இருக்கிறது. அதை எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள்.

உயரம் இல்லாத புள்ளிக்கு 0 போடுவதும் −9999 போடுவதும் வேண்டாம். எங்கோ ஒரு சராசரிக்குள் நுழைந்துவிடும். உயரமில்லாத புள்ளி என்பது வேறு டைப், இருபரிமாணப் புள்ளி.

உருவான பிறகு மாற்ற முடியாததாக வையுங்கள். பைத்தானில் ஃப்ரோசன் டேட்டாகிளாஸ், 3.10 முதல் ஸ்லாட்ஸ் தேர்வும் சேர்த்து, ஜாவாவில் ரெக்கார்டு, சி ஷார்ப்பில் ரீட்ஒன்லி ரெக்கார்டு ஸ்ட்ரக்ட். மாறக்கூடிய புள்ளியை இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொண்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றதும் சேர்ந்து நகரும்.

படி 6: இரண்டு புள்ளிகள் ஒன்றா?

மூன்று டபுளையும் சமக்குறி போட்டு ஒப்பிடுவது, ஒரே கணக்கிலிருந்து வந்த புள்ளிகளுக்கு மட்டும் சரி. இரண்டு முறை அளந்த ஒரே பெஞ்ச் மார்க் (சர்வேயின் நிலையான அடையாளப் புள்ளி) ஒருபோதும் சமமாகாது.

1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சமம் என்று சமக்குறியையே மாற்றி எழுதுவதுதான் பலர் செய்வது. செய்யாதீர்கள். முதல் புள்ளியும் இரண்டாவதும் 8 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டாவதும் மூன்றாவதும் 8 மில்லிமீட்டர் தள்ளி என்றால், அடுத்தடுத்தவை சமம், ஆனால் முதலும் மூன்றும் சமமில்லை. செட், டிக்‌ஷனரி இரண்டும் இந்த நிலையில் உடையும். சமமானவற்றுக்கு ஒரே ஹேஷ் வர வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை விதி. இந்தச் சமத்துக்கு அப்படி ஒரு பயனுள்ள ஹேஷ் எழுத முடியாது. சமக்குறியைத் துல்லியமாகவே விட்டு, அருகில் உள்ளதா என்று கேட்கும் தனி ஃபங்ஷனை, தூர வரம்பை வாங்கிக்கொள்ளும்படி எழுதுங்கள்.

நகல் புள்ளிகளைக் களைய, ஒவ்வொரு எண்ணையும் கட்ட அளவால் வகுத்து முழு எண்ணாக்கி, அந்த மூன்று முழு எண்களையும் சாவியாக வையுங்கள். இரண்டு இடத்தில் வழுக்கும். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் கட்டக் கோட்டின் இரு பக்கமும் விழலாம். ஆகவே சொந்தக் கட்டத்தோடு சுற்றியுள்ள 26-ஐயும் சேர்த்து 27 கட்டங்களைத் தேட வேண்டும். இன்னொன்று, முழு எண்ணாக்கும்போது தசமத்தை வெறுமனே வெட்டினால் −0.7-உம் 0.7-உம் ஒரே 0-இல் விழுந்து நடுக்கட்டம் இரட்டை அகலமாகும். எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கும் ஃப்ளோர் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

படி 7: கணக்குகள், குறிப்பாகக் கன அளவு

எல்லாக் கணக்குக்கும் முன்னால் உள்ளூர்த் தொடக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குவாரிக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்: உதாரணமாகக் கிழக்கு 1,96,000, வடக்கு 13,86,000, உயரம் 400. புள்ளியிலிருந்து அதை டபுளில் கழித்துக் கிடைக்கும் நகர்வுகளிலேயே மீதி வேலை.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மூடிய முக்கோண வலையின் கன அளவுக்கு, ஒவ்வொரு முக்கோணத்தையும் தொடக்கப் புள்ளியோடு சேர்த்து நான்முகியாக்கி, மும்மைப் பெருக்கத்தை 6-ஆல் வகுத்துக் கூட்டுவது வழக்கம். யூடிஎம் எண்களை அப்படியே போட்டால் 13,87,000 × 1,97,000 × 500 அளவுள்ள எண்கள் நடுவில் வரும். சுமார் 137 லட்சம் கோடி. அந்த உயரத்தில் 32 பிட்டின் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே 83,88,608 இடைவெளி. குவாரியே அதற்குள் தொலைந்துவிடும். டபுளில் இடைவெளி 0.016-தான் என்றாலும் லட்சக்கணக்கான முக்கோணங்களைக் கூட்டும்போது பிழை சேரும். உள்ளூர்த் தொடக்கம் எடுத்தால் இந்தப் பேச்சே இல்லை. 1,000 மீட்டருக்குள் 32 பிட்கூட 0.06 மில்லிமீட்டர் படியில் நிற்கும்.

மூடிய வலை இல்லாமல் மேற்பரப்பு மட்டும் இருந்தால், ஒவ்வொரு முக்கோணத்தின் கிடைமட்டப் பரப்பை, மூன்று முனைகளும் அடிமட்டத்துக்கு மேல் இருக்கும் உயரங்களின் சராசரியால் பெருக்கிக் கூட்டுங்கள். செங்குத்தான குவாரிச் சுவரில் மேலிருந்து எடுத்த படம் போதாது. சுவரின் அடியில் குடைவு இருந்தால் இந்த முறை அதைக் கல்லாகவே எண்ணும்.

இன்னொரு நுணுக்கம் நம் ஊருக்கே உரியது. கிருஷ்ணகிரி மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் யூடிஎம் கட்டத்தில் தூரம் சற்று நீளும். தரையில் 1 கிலோமீட்டர் என்பது கட்டத்தில் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். பரப்பில் அது ஆயிரத்தில் 1.3 பங்கு. 1 லட்சம் கன மீட்டரில் 130 கன மீட்டர் அளவுக்கு மிகையாகக் காட்டும். சிறு எண் இல்லை. திருத்த எண்ணைச் சட்டகத்திலேயே ஒரு ஃபீல்டாக வைத்து, தூரம், பரப்பு, கன அளவு கேட்கும் ஃபங்ஷன்கள் அதைப் பயன்படுத்தட்டும்.

படி 8: கோடிப் புள்ளிகள்

ஒற்றைப் புள்ளிக்கான அழகான டைப்பைக் கோடி முறை உருவாக்கக் கூடாது. பைத்தானில் மூன்று ஃப்ளோட் கொண்ட ஒரு டியூப்பிள் 100 பைட்டைத் தாண்டும். கோடிப் புள்ளிக்கு 1 ஜிபிக்கு மேல். நம்பை அரேயில் புள்ளிக்கு 24 பைட், மொத்தம் 240 எம்பி. ஆகவே தொகுதி என்று இன்னொரு டைப்: உள்ளே ஓர் அரே, ஒரு சட்டகம், ஓர் உள்ளூர்த் தொடக்கம். ஒன்றைக் கேட்டால் மட்டும் புள்ளியாக எடுத்துக் கொடுக்கும். நம்பையில் ஒரு வரிசையை எடுத்தால் கிடைப்பது நகல் இல்லை, அதே நினைவகத்தின் சாளரம். அதை மாற்றினால் தொகுதியும் மாறும். ஆகவே நகலெடுத்தே கொடுங்கள்.

ஜிபியுவுக்கு அனுப்பும்போது உள்ளூர்த் தொடக்கத்தை டபுளில் கழித்த பிறகே 32 பிட்டாக்குங்கள். இந்த வரிசை தலைகீழானால் படி 2-இன் கோடுகள் திரையில் வந்து நிற்கும். ஷேடரின் (ஜிபியுவில் ஓடும் சிறு புரோகிராம்) எஸ்டிடி140 என்ற நினைவக அமைப்பில் மூன்று உறுப்பு வெக்டர்களின் அரே, ஒவ்வொன்றுக்கும் 12 பைட் இல்லை, 16 பைட் எடுக்கும். 12 என்று நினைத்து அனுப்பினால் முதல் புள்ளி சரியாகவும் மற்றவை சிதறியும் தெரியும்.

படி 9: எழுதுவதும் படிப்பதும்

உரை ஃபைலில் மீட்டருக்கு 3 தசம இடம், பாகைக்கு 8. ஏழு இடம் என்றால் 1 சென்டிமீட்டர், எட்டு என்றால் 1 மில்லிமீட்டர் அளவு. டபுளை ஒரு பிட்டும் மாறாமல் மீட்க 17 பொருளுள்ள இலக்கங்கள் வேண்டும். சி++ வெளியீட்டின் இயல்பு நிலை 6 இலக்கம்தான்: 1386764.352 என்ற வடக்கு மதிப்பு 1386760 என்ற அளவுக்குச் சுருங்கி வெளியே போகும். நாலு மீட்டர் அங்கேயே போச்சு. துல்லியத்தை நீங்களே குறிப்பிடுங்கள். ஃபைலின் தலைப்பில் ஈபிஎஸ்ஜி எண்ணும் உயர ஆதாரமும் இல்லையென்றால் படிக்கும் ஃபங்ஷன் மறுக்க வேண்டும். எதையும் ஊகிக்கக் கூடாது.

படி 10: சோதனைகள்

அட்சம் 0, தீர்க்கம் 81 என்ற புள்ளியை 44-ஆம் மண்டலத்துக்கு மாற்றினால் கிழக்கு 5,00,000, வடக்கு 0 வர வேண்டும். கிருஷ்ணகிரிப் புள்ளி ஒன்றை யூடிஎம்முக்கு மாற்றித் திரும்பப் பாகைக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 43-ஆம் மண்டலப் புள்ளியிலிருந்து 44-ஆம் மண்டலப் புள்ளியைக் கழித்தால் பிழை எழ வேண்டும். விடை வந்தால் சோதனை தோல்வி.

கன அளவுக்கு 10 மீட்டர் கனசதுரம் ஒன்றைக் குவாரியின் உண்மையான ஆயத்தொலைவில் வைத்து, திருத்த எண் 1 என்று கொடுத்துக் கணக்கிடுங்கள்: 1,000 கன மீட்டர். அதை 30 பாகை திருப்பியும் பாருங்கள், உள்ளூர்த் தொடக்கத்தை மாற்றியும் பாருங்கள். விடை நகரக் கூடாது. பிறகு ஒரே ஒரு முக்கோணத்தின் முனை வரிசையை மட்டும் தலைகீழாக்குங்கள். விடை 1,000-இலிருந்து விலகும். உங்கள் வலைச் சோதனை அந்த முக்கோணத்தின் எண்ணைச் சொல்லி நிற்க வேண்டும்.